இருபத்து மூன்றாவது அங்கி

மார்ச் 4

அன்பான அக்காவுக்கு,

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வை. போன வாரம் உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அத்தான்தான் எடுத்தார். மூன்று தடவையும் "அக்கா குளிக்கிறா" என்றார். செவ்வாய் காலை பத்து மணிக்குக் குளியல், வியாழன் மதியம் குளியல், சனி சாயங்காலமும் குளியல். நீ எப்போது மீனாக மாறினாய்? ஸ்டேஷனில் உட்கார்ந்து மைக்கில் "பயணிகள் கவனிக்கவும்" என்று நாள் முழுக்கப் பேசுகிறவளுக்குத் தங்கையிடம் பேச ஐந்து நிமிடம் இல்லையாக்கும். சரி, கடிதத்திடமிருந்து தப்ப முடியாது. தலையைத் துவட்டிக்கொண்டு படி.

நம் சபைக்கு வரும் மே மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஐம்பது வயது நிறைகிறது. அன்றைய ஆராதனைக்குப் பாடகர் குழு புது அங்கியில் நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கருநீலம், வெள்ளைக் காலர், முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். தைப்பது யார் என்று கேட்காதே. என் கடையின் கட்டிங் மேஜை ஒரு மாதமாகக் கருநீலத்தைத் தவிர வேறு நிறத்தைப் பார்க்கவில்லை.

போன ஞாயிறு எல்லாருக்கும் போட்டுப் பார்த்தோம். கச்சிதம். பேக்கரிக்காரம்மாவுக்கு மட்டும் இடுப்பில் பிடித்தது. "அளவெடுத்ததுக்கு அப்புறம் நான்தான் பெருத்துட்டேன், உன் தப்பு இல்ல" என்று அவரே ஒப்புக்கொண்டார். வரிசையாக நிற்க வைத்து எட்ட நின்று பார்த்தேன், கண் நிறைந்துவிட்டது. அப்போது புதுப் பாட்டு மாஸ்டர் கேட்டார்: "எல்லாம் சரி, உங்க அங்கி எங்க?"

அக்கா, நான் எனக்குத் தைக்கவே இல்லை.

ஓடிப்போய் அளவு நோட்டைப் புரட்டினேன். இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், நான் இல்லை. துணி எடுத்தபோதும் இருபத்திரண்டு பேருக்குத்தான் எடுத்திருக்கிறேன், வெட்டியபோதும் அப்படித்தான். ஒரு இடத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை. துணியும் தீர்ந்துவிட்டது. "தைக்கிறவ தன்னையே விட்டுட்டா பாரு" என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அப்புறம் பயிற்சி. இந்த மாஸ்டர் பாடச் சொல்லிவிட்டு ஒவ்வொருவர் வாய்க்குப் பக்கத்திலும் காதைக் கொண்டுபோய் வைக்கிறார். என்னிடம் வந்தார். வைத்தார். காதை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி வைத்தார். "இந்தப் பக்கம் கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

தொண்டை சரியில்லை என்றேன். பொய். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. பதினாறு வருடமாக நான் பின் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அப்படி அசைக்கச் சொன்னது யார் என்பதும் தெரியும். பக்கத்தில் நிற்கும் பேக்கரிக்காரம்மாவின் குரலுக்குப் பின்னால் நான்கு பேர் ஒளிந்துகொள்ளலாம் என்பதால் இத்தனை நாள் பிழைத்தேன்.

ஒரு உபகாரம் செய். நீ அந்தக் குழுவை நடத்தியவள், உன் பேச்சுக்கு இங்கே இன்றைக்கும் மதிப்பு உண்டு. மாஸ்டருக்கு இரண்டு வரி எழுது: என் தங்கைக்குப் பாட்டு வராது, அவளைத் தையலோடு விட்டுவிடுங்கள் என்று. நான் குழுவை விட்டு விலகிக்கொள்கிறேன். அங்கிக் கணக்கும் சரியாகிவிடும்.

விழாவில் தனிப்பாட்டு உனக்குத்தான் என்று போதகர் சொல்லிவிட்டார். எப்போது வருகிறாய்?

உன்
ஊசி

---

மார்ச் 13

ஊசிக்கு,

கடிதம் வந்தது. வரிசையாகப் பதில் சொல்கிறேன், கவனிக்கவும்.

குளியல்: சுத்தமாக இருப்பது குற்றம் இல்லை.

அங்கி: ஊருக்கெல்லாம் தைத்துவிட்டுத் தன்னை விட்டவளை நான் இதுவரை பார்த்ததில்லை. இனிமேலாவது துணி எடுத்துத் தைத்துக்கொள்.

வாயசைப்பு: நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பதினாறு வருடம் யாராவது தொங்குவார்களா? நீ சின்ன வயதிலிருந்தே தொட்டாற்சுருங்கி.

மாஸ்டருக்குக் கடிதம்: எழுத மாட்டேன். உன் வாய், உன் குழு, நீயே பேசிக்கொள்.

தனிப்பாட்டு: என்னால் வர முடியாது. ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்காது. போதகரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வேறு நல்ல குரலைப் பார்க்கச் சொல். காரணத்தைத் துருவித் துருவிக் கேட்காதே.

அத்தான் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

---

மார்ச் 20

அக்காவுக்கு,

ஞாபகம் இல்லையா? பரவாயில்லை, எனக்கு இருக்கிறது. இருவரில் ஒருத்திக்கு இருந்தால் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் வேறு சபைகளின் பாடகர் குழுக்கள் வருவதாக இருந்தது. நீ மஞ்சள் உடுப்பில் இருந்தாய். இரண்டாம் சரணத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "பின்னால ஒரு சத்தம் மட்டும் தனியா ஓடுது. ஊசி, நீ நாளைக்குப் பாடாத. வாயை மட்டும் அசை, யாருக்கும் தெரியாது." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பல்லைக் காட்டினேன்.

நாளைக்கு என்றுதான் சொன்னாய். திரும்ப எப்போது பாடலாம் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அத்தானுக்கு மாற்றலாகி நீ போய்விட்டாய். உன் "நாளைக்கு" மட்டும் என்னோடு இருந்துவிட்டது.

நீ எழுதிக் கொடுக்காவிட்டால் என்ன, நானே விலகிக்கொள்கிறேன் என்று போதகரைப் பார்க்கப் போனேன். அவர் ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர், அவர் பேண்ட்டுக்கு நான்தான் கீழ் மடிப்பு அடித்துக் கொடுக்கிறேன். அதனால் தைரியமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினாறு வருடமாக ஏமாற்றியிருக்கிறேன், என்னை எடுத்துவிடுங்கள், என் பங்கையும் சேர்த்து மற்ற இருபத்திரண்டு பேர் நன்றாகப் பாடுகிறார்கள் என்றேன்.

"நூறு ஆட்டுல ஒண்ணு காணோம்னதும் மேய்ப்பன் என்ன பண்ணினார்?" என்றார், பல்பைத் திருகிக்கொண்டே.

"பிரசங்கத்தை ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கிறேன் ஐயா, இப்ப கீழ விழுந்துடாதீங்க."

"இல்லம்மா, சும்மா கேக்கிறேன். தொண்ணூத்தொம்பது இருக்கே, போதும்னு அவர் விடல. நீங்க இருபத்திரண்டு இருக்கே, போதும்னு விட்டுட்டீங்க. அவர் கணக்கும் உங்க கணக்கும் ஒத்துவரலையே."

எனக்குச் சுரீர் என்று வந்தது. ஏணியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் டேப்பை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்றேன். அக்கா, உனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். தையல்காரியால் தன் தோளளவைத் தானே எடுக்க முடியாது. கையைப் பின்னால் கொண்டுபோனதும் தோள் குறுகும், டேப் சரியும், எண் பொய்யாக வரும். அதனால் என் சட்டைகளுக்கெல்லாம் குத்துமதிப்பாகப் பதினான்கு அங்குலம் என்று வைத்து வெட்டுவேன். கையைத் தூக்கினால் பிடிக்கும். பழகிவிட்டது.

என் வீட்டுக்காரரை, அதான் உன் மாப்பிள்ளையை, கூப்பிட்டேன். பஸ் ஓட்டுகிற கை, டேப்பைத் தலைகீழாகப் பிடித்தது. "இருபத்தொண்ணு" என்றார். "அது தோள் இல்லீங்க, அலமாரி" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. என் அளவை நானே எடுத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் நீ எடுத்த அளவை வைத்து ஓட்டினேன். என்னை உண்டாக்கியவர் என்ன அளவு வைத்திருக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உன் மேல் கோபம் தீரவில்லை என்பதையும் குறித்துக்கொள். லீவு கிடைக்காது என்பதையும் நான் நம்பவில்லை.

ஊசி

---

ஏப்ரல் 1

என் ஊசிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை அத்தான் கையில் கொடுத்து, நான் திரும்பக் கேட்டாலும் கொடுக்காமல் தபாலில் போடச் சொல்லப் போகிறேன்.

ஞாபகம் இல்லை என்றது பொய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னதில் ஒரே ஒரு தப்பு, என் உடுப்பு மஞ்சள் இல்லை, பச்சை. வருகிறவர்கள் முன்னால் என் குழு குறைவாகத் தெரிந்துவிடக் கூடாது என்று எனக்கு வெறி. மறுநாள் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். நீ பின்னால் வாயை அசைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். அதுதான் இப்போது குத்துகிறது. என்னை மன்னித்துவிடு. இதைப் பதினாறு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது பொய், குளியல். டிசம்பரில் என் கழுத்தில் ஒரு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்படாதே, கெட்ட கட்டி இல்லை என்று எடுத்த பிறகு தெரிந்தது. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே இருந்ததால் அதுவும் அடிபட்டுவிட்டது. அப்படி நேரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். குரல் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இப்போது நான் பேசினால் தகரத்தைத் தரையில் இழுப்பது மாதிரி இருக்கிறது. நீ கேட்டால் அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன் என்றுதான் அத்தானைக் குளிக்கிறாள் என்று சொல்ல வைத்தேன். பாவம், அந்த மனிதருக்கு வேறு பொய் தெரியாது.

ஸ்டேஷனில் மைக்கை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, என்னைத் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட். இவைதான் என் கூட்டாளிகள். இவற்றிடம் பேச வேண்டியதில்லை.

டிசம்பரிலிருந்து நான் ஆராதனைக்குப் போகவில்லை. அத்தான் தனியாகப் போய்விட்டு வருகிறார். நான் சபைக்குள் நுழைந்தால் "பாடுறவங்க வந்துட்டாங்க" என்று முன் வரிசையில் இடம் விடுவார்கள். இப்போது போய் எங்கே உட்காருவது? ஆண்டவருக்கு நான் கொடுத்தது அந்த ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் அவர் முன்னால் நான் யாராக நிற்பது? பாட்டைக் கழித்துவிட்டுப் பார்க்கிறேன், மிச்சம் ஒன்றும் தெரியவில்லை. நீ எப்படி இத்தனை வருடம் நின்றாய்?

அக்கா

---

ஏப்ரல் 7

என் தங்க அக்காவுக்கு,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். ஒரு கஸ்டமரின் வெள்ளைச் சட்டை மேல் அழுது, அதை மறுபடி துவைத்து இஸ்திரி போட வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கு உன் பெயரில்.

தகரக் குரல்தானே? அதோடு போனில் பேசு. நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன். அத்தானை இனிமேல் பொய் சொல்ல விடாதே, அவருக்கு அது வரவே இல்லை.

மன்னிப்பைப் பற்றி: கொடுத்தாயிற்று. கோபம் தீர ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தேன், பச்சை உடுப்பு என்று படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

இனி நீ கேட்ட கேள்வி. எப்படி நின்றாய் என்கிறாய். வாயசைப்பில் பதினாறு வருட அனுபவம் உள்ளவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். உச்ச இடம் வரும்போது புருவத்தைக் கொஞ்சம் தூக்க வேண்டும். மூச்சு எடுப்பது மாதிரி தோளை அசைக்க வேண்டும். மற்றவர்களுக்கு முன்னால் வாயை மூடிவிடக் கூடாது. இதெல்லாம் தெரிந்தால் மனிதர்களை ஏமாற்றிவிடலாம்.

ஆண்டவரை ஏமாற்ற முடியாது. அவருக்கு முதல் ஞாயிறே தெரியும், பின் வரிசையில் ஒருத்தி சத்தமே இல்லாமல் நிற்கிறாள் என்று. பாட்டுக்காகத்தான் அவர் நம்மை வைத்திருக்கிறார் என்றால் என்னை அந்த மாதமே அனுப்பியிருக்க வேண்டாமா? அனுப்பவில்லையே. என் குழந்தைக்கு உடம்பு முடியாமல் இருந்த வருடம் அந்த வரிசையில் நின்றுகொண்டு உள்ளுக்குள் அவரிடம் அழுதேன், கேட்டார். கடை ஓடாத வருடம் சண்டை போட்டேன், அதையும் கேட்டார். என்னிடமிருந்து ஒரு ராகம்கூட அவருக்குப் போகவில்லை அக்கா. ஆனாலும் நான் அவருக்கு வேண்டியவளாகவே இருந்திருக்கிறேன். எனக்காகச் சிலுவைக்குப் போனவர், போவதற்கு முன்னால் என் சுருதியைச் சோதித்துப் பார்த்துவிட்டா போனார்?

இது எனக்கே போன வாரம்தான் புரிந்தது. நான் பெரிய ஆள் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் கடிதம் வந்ததும் உனக்கு என்ன பதில் சொல்வது என்று தேடினபோது, இது என் கையிலேயே இருந்தது.

இன்னொரு செய்தி. வெள்ளிக்கிழமை பயிற்சியில் எழுந்து நின்று எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பேக்கரிக்காரம்மா வாயைப் பிளந்துவிட்டார். "அப்போ இத்தனை வருஷமும் நான்தான் ரெண்டு பேருக்குப் பாடினேனா? அதான் தொண்டை கட்டுது" என்றார். மாஸ்டர் தனியாகப் பாடச் சொன்னார். நான்கு வரி பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரசித்து மூடவில்லை, பல் வலிக்காரர் மூடுவது மாதிரி மூடினார். அப்புறம் சொன்னார்: "சுருதி கொஞ்சம் அங்க இங்க போகுது. தாளத்துல ரெண்டு அடி முன்னால ஓடுறீங்க. ஆனா இந்தப் பக்கம் இப்பத்தான் ஆள் இருக்கு. அடுத்த வாரமும் வாங்க."

கடைசியில் எனக்கு நல்ல குரல் இருப்பது தெரியவந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. உன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனாலும் வீடு வரைக்கும் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தேன். உன் மாப்பிள்ளை பஸ் ஹாரனே தேவலை என்கிறார்.

அக்கா, மே மூன்றாம் தேதிக்கு வா. பாட வேண்டாம், சும்மா வா. பின் வரிசையில் இடம் இருக்கிறது. நான் பிடித்து வைக்கிறேன்.

ஊசி

---

ஏப்ரல் 18

ஊசிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவளுக்கு என்ன, இவளுக்கு இழக்க ஒன்றும் இல்லை" என்று எரிச்சல்பட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். பத்து நாள் பதில் போடாதது அதனால்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் அறைக்கு ஒருவர் வந்தார். குழாய் ரிப்பேர் செய்கிறவர், கையில் ஸ்பேனர் பை. ஒரு தொப்பியைத் தவறவிட்டுவிட்டாராம். மூன்றாவது தடவையாக வருகிறார், இரண்டு ரயில் மாறி. நான் ஒரு பெட்டி முழுக்கக் கவிழ்த்தேன். அடியில் கிடந்தது. விளிம்பு பிய்ந்து, உச்சியில் ஓட்டை, நிறம் என்னவென்றே சொல்ல முடியாது. அதை நான் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

என் தகரக் குரலில் கேட்டேன்: "இதுக்காகவா மூணு தடவை வந்தீங்க? புதுசு வாங்கியிருக்கலாமே."

அவர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். "புதுசு கிடைக்கும்மா. ஆனா அது என்னுது இல்லையே" என்றார்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன் ஊசி. அந்தத் தொப்பியிடம் தேடி வரும்படி என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அது அவருடையது, அவ்வளவுதான். ஆண்டவர் என் குரலைத்தான் தேடுவார் என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறேன். உச்சியில் ஓட்டையோடு இருந்தாலும் அவர் இரண்டு ரயில் மாறி வருவார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நீ அதை எழுதித்தான் இருந்தாய். நான்தான் கேட்கவில்லை.

நேற்றைக்கு முன்தினம், ஞாயிறு வரை பொறுக்காமல், இங்குள்ள சபையின் வார ஜெபத்துக்கு அத்தானோடு போனேன். கடைசி பெஞ்சு. பாட்டு ஆரம்பித்தார்கள். வாயசைக்கலாம், நீ சொன்ன புருவம் தோள் எல்லாம் நினைவில் இருந்தது. அசைக்கவில்லை, பாடினேன். முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண் யார் நாற்காலியை இழுப்பது என்று திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்கிறார். சொன்னேனே, பொய் வராது.

மே மூன்றாம் தேதிக்கு வருகிறேன். லீவு கேட்ட அன்றே கிடைத்துவிட்டது. தனிப்பாட்டு கிடையாது, போதகரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடு. அங்கியும் கிடையாது, குழுவில் நான் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உன் சத்தம் தனியாக ஓடுவதைக் கேட்கிறேன். அது போதும்.

அக்கா

---

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

அவசரக் கடிதம். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

போதகரிடம் சொன்னேன். முதலில் உன் உடம்பைப் பற்றி விசாரித்தார். அப்புறம் மாஸ்டரைக் கூப்பிட்டார். தனிப்பாட்டு இல்லை, அந்தப் பாட்டைச் சபை முழுக்க எழுந்து நின்று பாடுவது என்று முடிவாகிவிட்டது. உனக்குக் கடைசி பெஞ்சு கிடையாது. பின் வரிசையில் எனக்கும் பேக்கரிக்காரம்மாவுக்கும் நடுவில் உனக்கு இடம். மாஸ்டரே சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிட்டார்.

துணிக்கடையில் அந்தக் கருநீலம் தீர்ந்துவிட்டது. கொஞ்சம் வெளிறிய நீலம்தான் கிடைத்தது. இரண்டு அங்கிக்கு எடுத்துவிட்டேன். உன்னுடையது தயார். அளவு? உன் தோள் பதினாறு, கை இருபத்தொன்று. எனக்கு எல்லார் அளவும் மனப்பாடம், என் அளவைத் தவிர.

என்னுடையதை இன்னும் வெட்டவில்லை. தோளளவு இல்லாமல் கத்திரியைத் தொட மாட்டேன். உன் மாப்பிள்ளை மறுபடி முயன்று இந்தத் தடவை பதினொன்று என்றார். அவரை நம்பிப் பயன் இல்லை. வியாழக்கிழமையே வந்துவிடு. வெள்ளி காலை நீ எனக்கு அளவெடு. சனிக்குள் தைத்துவிடுவேன்.

ஊசி

---

மே 8

என் ஊசிக்கு,

வந்து சேர்ந்தோம். அத்தான் விழாவை போனில் பதிவு செய்திருந்தார். இரண்டு நாளாக வீட்டில் அதே ஓடுகிறது. மூன்றாம் சரணத்தில் யாரோ தகரத்தை இழுக்கிறார்கள், அது நான். யாரோ இரண்டு அடி முன்னால் ஓடிப்போய் எல்லாருக்கும் காத்திருக்கிறார்கள், அது நீ. அந்த இடம் வந்ததும் மறுபடி போடச் சொல்கிறேன். அத்தானுக்கு அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை.

போட்டோவும் பார்த்தேன். இருபத்திரண்டு கருநீலம், ஓரத்தில் இரண்டு வெளிறிய நீலம். யார் பார்த்தாலும் நம் இருவர் மேல்தான் கண் போகும். முன்பென்றால் நான் வெட்கப்பட்டிருப்பேன். இப்போது அதைச் சட்டம் போட்டு, தவறவிட்ட பொருட்கள் அறையில் என் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு மறக்காதது ஞாயிற்றுக்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை. உன் கடையில் நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். டேப்பை வைத்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாய், நான் அடிக்கப் போகிறேன் என்பது போல. பதினாறு வருடம் முன்னால் நான் சொன்ன வார்த்தையை அந்தத் தோளில் பார்த்தேன். "நிமிர்ந்து நில்லுடி" என்றேன். என் சொல்லைக் கேட்டு ஒரு தடவை குறுகினாய், இந்தத் தடவை நிமிர்ந்தாய்.

பதினைந்தரை வந்தது. நீ நம்பவில்லை, தப்பாக எடுக்கிறேன் என்று சண்டை போட்டாய். மறுபடி எடுத்தேன், மறுபடியும் பதினைந்தரை. இத்தனை வருடமாக உன்னைப் பதினான்கு என்று வெட்டிக்கொண்டு, கையைத் தூக்க முடியவில்லை என்று புலம்பியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை புது அங்கியில் நீ இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னபோது தையல் எங்கும் பிடிக்கவில்லை, பார்த்தேன்.

நீ காபி போடப் போயிருந்தபோது உன் அளவு நோட்டை எடுத்தேன். இருபத்திரண்டாவது வரிக்குக் கீழே உன் பெயரையும் தோளளவையும் எழுதியிருக்கிறேன். பேனாவில்தான் எழுதினேன். அழிக்க முடியாது.

அக்கா